அம்மோனியாவுக்கு அஞ்சிப் புரதத்தை நிறுத்தலாமா?

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை எண்ணூர் மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் அன்று கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் உள்ளிட்ட மீனவக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் விழித்தெழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அதுவரை வேதியியல் பாடநூலில் இருந்த ‘அம்மோனியா’ என்னும் சொல், அந்த இரவுக்குப் பின் வடசென்னையில் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

ஆகவே, கல்லீரல் நோயாளி ஒருவரின் குடும்பத்தாரிடம் “இரத்தத்தில் அம்மோனியா கூடியிருக்கிறது” என்று நாங்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. “நாங்க எண்ணூர்ல இருக்கறதாலயா டாக்டர்?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அடுத்தது சில நாள் கழித்து வரும். அது கேள்வியாக வருவதில்லை, எடுத்து முடித்த முடிவாகவே வரும். “பருப்பு, முட்டை, மீனு எல்லாத்தையும் நிறுத்திட்டோம் சார். வெறும் கஞ்சிதான் குடுக்கறோம்.”

இக்கட்டுரை அந்த இரண்டாவது முடிவைப் பற்றியது. அது தவறு என்பதும், பல நோயாளிகளுக்கு அது தீங்கே செய்கிறது என்பதும் எங்கள் உறுதியான கருத்து. அத்தவற்றில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முதல் கேள்விக்குச் சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். காற்றில் கசியும் அம்மோனியா, கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து காரமாக மாறி அவற்றைச் சுடுகிறது. அத்தகைய நேரத்தில் அவ்விடத்தை விட்டு விலகுவதும், கண்களையும் தோலையும் நிறைய நீரால் கழுவுவதும், மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வருவதுமே செய்ய வேண்டியவை. கல்லீரல் நோயாளியின் இரத்தத்தில் கூடும் அம்மோனியா வேறு வழியாக வருவது. அது நம் உடலுக்குள்ளேயே நாள்தோறும் பிறக்கிறது. நோயற்றவர் உடலிலும் பிறக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். அதை அப்படியே வெளியே விட்டுவிடுகிறோம், ஓர் அணுவைக்கூடப் பயன்படுத்த நமக்குத் தெரியாது. ஆனால் நைட்ரஜன் இல்லாமல் தசை இல்லை, இரத்தம் இல்லை, மரபணுவும் இல்லை. துவரை, உளுந்து, கொண்டைக்கடலை போன்ற செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கித் தருகின்றன. செடி அதைப் புரதமாக்குகிறது. அதே வேலையைத் தொழிற்சாலையில் செய்ய முடியும் என்று 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் காட்டினார். நம் மணலியில் 1971 முதல் இயங்கும் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனம் செய்வதும் அதுதான்: காற்றிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து யூரியா. அந்த யூரியா நெல்வயலுக்குப் போய், அரிசியில் புரதமாகி, நம் தட்டுக்குத் திரும்பி வருகிறது. இன்றைய மனித உடல்களில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி இப்படி ஏதோ ஓர் உரத் தொழிற்சாலையைக் கடந்து வந்தது என்பது அறிவியலாளர் கணிப்பு. திருவொற்றியூரிலும் மணலியிலும் வாழ்பவர்கள் இந்த ஆலைகளின் புகையை மட்டுமே அறிந்திருப்பதால் இதையும் சொல்லி வைக்கிறோம்.

புரதம் உடலுக்குள் வந்ததும் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. செல்கள் தமக்கு வேண்டிய அமினோ அமிலங்களை எடுத்துப் புதிய புரதங்களைக் கட்டுகின்றன. ஒன்றின் நைட்ரஜனைக் கழற்றி மற்றொன்றில் பொருத்தி, வேண்டிய புதிய அமினோ அமிலங்களையும் செய்துகொள்கின்றன. இந்தக் கட்டுமானம் ஓய்வதே இல்லை. நலமுள்ள ஒருவரின் உடல் நாள் ஒன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதத்தை உடைத்து, ஏறத்தாழ அதே அளவைத் திரும்பக் கட்டுகிறது. நாம் உண்பதோ 60 கிராம் அளவில்தான். உடைப்பதிலும் கட்டுவதிலும் மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிப்படுகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்களும் தம் பங்குக்கு அம்மோனியாவை உண்டாக்குகின்றன.

இந்த அம்மோனியா மூளைக்கு நஞ்சு. கல்லீரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றுகிறது. யூரியா தீங்கற்றது, நீரில் கரைவது. சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடுகிறது. மணலி ஆலையில் உருவாகும் யூரியாவும் நம் கல்லீரலில் உருவாகும் யூரியாவும் ஒரே மூலக்கூறு. இரண்டுக்கும் மூலப்பொருள்கள்கூட அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும்தான். வேறுபாடு செய்முறையில் இருக்கிறது. தொழிற்சாலைக்கு 180 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பமும், சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். கல்லீரல் 37 பாகையில், ஓசையின்றி, ஐந்து நொதிகளைக் கொண்டு அதைச் செய்து முடிக்கிறது. 60 கிராம் புரதம் உண்பவரின் கல்லீரல் நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் யூரியா செய்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம்: உரக்கடையில் விற்கும் 45 கிலோ மூட்டை ஒன்றை நிரப்ப நம் கல்லீரலுக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும்.

இந்தச் செய்முறையை 1932இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற மருத்துவரும், கர்ட் ஹென்செலைட் என்ற மருத்துவ மாணவரும் கண்டறிந்தார்கள். எலியின் கல்லீரலை மெல்லிய சீவல்களாக்கி அம்மோனியாவில் இட்டபோது யூரியா உண்டானது. ஆர்னிதீன் என்னும் அமினோ அமிலத்தைச் சிறிதளவு சேர்த்ததும் யூரியா பன்மடங்கு பெருகியது. ஆனால் சேர்த்த ஆர்னிதீன் செலவாகவில்லை. அது அம்மோனியாவை ஏற்றிக்கொண்டு சிட்ருலின், ஆர்ஜினின் என்று உருமாறி, யூரியாவை இறக்கிவிட்டு மீண்டும் ஆர்னிதீனாகத் திரும்புகிறது. துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பும் லாரியைப் போன்றது அது. உயிர்வேதியியலில் முதன்முதலில் அறியப்பட்ட பெரிய சுழற்சி இதுவே.

கல்லீரல் சுருக்க நோயில், அதாவது சிரோசிஸில், இந்த ஆலை மெல்ல மெல்லப் பழுதடைகிறது. மதுவால் வந்தாலும், ஹெபடைடிஸ் கிருமியால் வந்தாலும், சர்க்கரை நோயும் உடற்பருமனும் சேர்ந்த கொழுப்புப் படிவால் வந்தாலும் முடிவு ஒன்றுதான். செல்கள் குறைகின்றன, குடலிலிருந்து வரும் இரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே பொது இரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகிறது. அம்மோனியா மூளையை எட்டுகிறது. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, காரணமில்லாத கோபம், கையெழுத்துக் கோணுவது, நீட்டிய கை படபடப்பது, வழக்கமாக மனக்கணக்காகவே மீன் கணக்குச் சொல்பவர் சில்லறை கொடுப்பதில் தடுமாறுவது. இவற்றை முதலில் கண்டுபிடிப்பவர் மருத்துவர் அல்லர், உடன் வாழ்பவர். “குடிச்சிட்டுப் பேசறாருன்னு நினைச்சேன் டாக்டர்” என்று அழுத மனைவியர் பலரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

புரதத்திலிருந்துதானே அம்மோனியா வருகிறது, புரதத்தை நிறுத்தினால் அம்மோனியா குறையும் என்று எண்ணுவது இயல்பு. மருத்துவ உலகமே ஒரு நூற்றாண்டுக் காலம் அப்படித்தான் எண்ணியது. 1893இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் பாவ்லோவும் அவருடைய உடனுழைப்பாளர்களும் நாய்களுக்கு ஓர் அறுவை செய்தார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தைக் கல்லீரலுக்குப் போகாமல் திருப்பிவிட்டார்கள். அந்த நாய்கள் இறைச்சி உண்டதும் மூர்க்கம் கொண்டன, தள்ளாடின, நினைவிழந்தன. இறைச்சியே நஞ்சாயிற்று என்று எழுதப்பட்டது. மணியோசைக்கு எச்சில் ஊறிய நாய்களைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே பாவ்லோவின் இந்த மற்ற நாய்கள்தாம், நெடுந்தொலைவு கடந்து, நம் வீட்டுப் பருப்புச் சட்டியைக் கவிழ்த்தன. எங்களில் நாற்பதைக் கடந்தவர்கள் மாணவர்களாக இருந்தபோதும், கல்லீரல் நோயாளிக்குப் புரதத்தைக் குறை என்பதே வாய்ப்பாடு. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ‘புரதம் தவிர்க்கவும்’ என்று நாங்களும் எழுதியிருக்கிறோம்.

அந்த வாய்ப்பாடு இரண்டு உண்மைகளை மறந்துவிட்டது.

ஒன்று, உணவை நிறுத்தினால் அம்மோனியா நின்றுவிடாது. நாளொன்றுக்கு 250 கிராம் புரதத்தை உடைத்துக் கட்டும் உடலுக்கு வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால், அது தன் தசையை எடுத்து எரிக்கத் தொடங்கும். எரிந்த தசையின் நைட்ரஜனும் அம்மோனியாவாகத்தான் வந்து சேரும். தட்டில் இருந்த மீனை எடுத்துவிட்டோம்; நோயாளியோ தன் தொடையை உண்டுகொண்டிருக்கிறார். கல்லீரல் சுருக்க நோயில் இது இன்னும் விரைவாக நிகழ்கிறது. பழுதடைந்த கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. நலமுள்ளவரின் உடல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் எந்த நிலையை அடையுமோ, அந்த நிலையை இந்நோயாளியின் உடல் ஓரிரவிலேயே அடைந்துவிடுகிறது.

இரண்டாவது உண்மை, அம்மோனியாவைப் பிடிக்கும் உறுப்பு கல்லீரல் மட்டும் அன்று. தசையும் அம்மோனியாவைப் பிடித்துக் குளுட்டமின் என்னும் பொருளாக்கி, தற்காலிகமாகவேனும் அடக்கி வைக்கிறது. கல்லீரல் தளரும்போது அச்சுமையில் பெரும்பகுதியை ஏற்பது தசைதான். அதைக் கரைய விடுவது, ஒரு பம்பு பழுதான வீட்டில் மற்றொரு பம்பையும் கழற்றி விற்பதற்குச் சமம். வயிறு நீரால் பெருத்திருக்கும்போது தசை கரைவது எடையில் தெரியாது. கன்னப்பொட்டையும் தோள்பட்டையையும் பாருங்கள், அங்கே தெரியும்.

சோதனைகளும் இதையே காட்டின. ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், குழப்பநிலையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில் ஒரு சாராருக்குப் புரதத்தைக் குறைத்தும், மற்றவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கிலோ எடைக்கு 1.2 கிராம் என்னும் இயல்பான அளவிலும் கொடுத்தார்கள். குறைத்ததால் குழப்பம் விரைவில் தெளியவில்லை; உடற்புரதம் கூடுதலாகச் சிதைந்ததுதான் மிச்சம். அது சிறிய ஆய்வு. அதனால் நம் நாட்டுச் சான்றையும் சொல்கிறோம். புது தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் 120 நோயாளிகளிடம் ஆறு மாதம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பருப்பு முதலிய தாவரப் புரதத்தைக் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை திட்டமிட்டுக் கொடுத்தவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேர் என்ற அளவில் மூளையின் மந்தம் தெளிந்தது. அப்படிக் கொடுக்கப்படாதவர்களில் நான்கில் ஒருவருக்குக்கூடத் தெளியவில்லை. இன்று உலகின் முதன்மையான வழிகாட்டுதல்கள் அனைத்தும் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்றே கூறுகின்றன.

ஆனாலும் பழைய சீட்டு கிழியவில்லை. காரணம் அறியாமை மட்டும் அன்று என்பது எங்கள் எண்ணம். நம் வீடுகளில் பத்தியம் என்பது அன்பின் மொழி. மருந்துக்குப் பணம் போதாத மனைவிகூட, உப்பையும் புளியையும் நீக்கித் தனியாக ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க முடியும். ‘எதை நிறுத்த வேண்டும்’ என்று கேட்பவருக்கு ‘ஒன்றையும் நிறுத்தாதீர்கள், கூடுதலாகக் கொடுங்கள்’ என்று விடை சொன்னால், மருத்துவர் அக்கறையில்லாமல் பேசுகிறார் என்றே தோன்றுகிறது. ஆகையால் நிறுத்த வேண்டியவற்றையும் சொல்கிறோம். மதுவை அறவே நிறுத்த வேண்டும். இது பேச்சுக்கு இடமில்லாதது. வயிற்றிலும் காலிலும் நீர் கோத்தவர்களுக்கு உப்பைக் குறைக்க வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றும் அதில் அடங்கும். காசிமேட்டுக்காரருக்குக் கருவாட்டை விடுவது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தே சொல்கிறோம். மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை கூடாது. அரைவேக்காட்டு நண்டும் மட்டியும் கூடாது. கடல்நீர்க் கிருமி ஒன்று கல்லீரல் நோயாளியின் உயிரையே எடுத்துவிடும்.

அம்மோனியாவைக் குறைக்கும் உண்மையான வழி குடலைக் காலி செய்வது. மலச்சிக்கல் ஒரு நாள் இருந்தாலும் நோயாளி குழம்புவதுண்டு. லாக்டுலோஸ் என்னும் இனிப்புத் திரவத்தைக் கொடுப்பது வெறும் பேதிக்காக அன்று. அது குடலைச் சற்றுப் புளிப்பாக்கி, அம்மோனியா இரத்தத்துக்குத் திரும்பாதவாறு அங்கேயே பிடித்து வைத்து வெளியேற்றுகிறது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஏழெட்டு முறை போனால் நீர் வற்றி, குழப்பம் கூடும். கறுப்பு மலம், காய்ச்சல், வாந்தி, திடீர்க் குழப்பம் இவற்றில் எது கண்டாலும் உடனே வாருங்கள். உள்ளே கசியும் இரத்தமும் குடலுக்கு ஒரு புரதமே. முந்தைய நாள் உண்ட முட்டையின் மேல் பழி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இனி, வார்டில் நாங்கள் மிகவும் அஞ்சும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த கட்டில்களின் ஆலோசனை. ஒரு கட்டிலில் சிறுநீரக நோயாளி, பக்கத்துக் கட்டிலில் கல்லீரல் நோயாளி. இருவர் சோதனைச் சீட்டிலும் ‘யூரியா’ என்றொரு வரி. சிறுநீரகம் பழுதானவருக்கு யூரியா வெளியேற வழியின்றி ஏறுகிறது. டயாலிசிஸ் தொடங்காத நிலையில் அவருக்குப் புரதத்தை அளவோடு குறைக்கச் சொல்வது சரிதான். அவரே டயாலிசிசுக்கு வந்துவிட்டால் புரதத்தைக் கூட்டச் சொல்வோம், ஏனெனில் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்கள் கழுவிக்கொண்டு போகின்றன. கல்லீரல் பழுதானவருக்கோ யூரியா குறைவாக இருக்கலாம். “யூரியா கம்மியாத்தான் இருக்கு, நல்லதுதானே” என்று ஒரு மகன் மகிழ்ந்தபோது, ஆலை ஓடவில்லை என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பிறகு சொன்னோம். ஒருவர் சீட்டைப் பார்த்து இன்னொருவர் பத்தியம் பிடிக்க வேண்டாம்.

புரதத்தை உண்மையிலேயே குறைக்க வேண்டிய கல்லீரல் நோயும் ஒன்று உண்டு. யூரியா செய்யும் நொதிகளில் ஒன்று பிறவியிலேயே இல்லாத குழந்தைகள். பிறந்தபோது நலமாக இருந்து, பால் குடித்த இரண்டொரு நாளில் சோர்ந்து, வாந்தியெடுத்து, மூச்சு வேகமாகி மயங்கும் குழந்தையைக் கிருமித்தொற்று என்று மட்டும் எண்ணிவிடாமல் அம்மோனியாவையும் பார்க்க வேண்டும். இவற்றுள் பல, சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுதல். வீட்டில் முன்பு பச்சிளங்குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

60 கிலோ எடையுள்ள சிரோசிஸ் நோயாளிக்கு நாளொன்றுக்கு 72 கிராம் புரதமாவது வேண்டும். மலைப்பாகத் தோன்றும், ஆனால் எட்டக்கூடியதே. இரண்டு முட்டையில் 12 கிராம். 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை, மத்தியிலும் நெத்திலியிலும் அதே புரதம் இருக்கிறது, விலை மிகக் குறைவு. இரண்டு தம்ளர் பாலிலோ தயிரிலோ 12 கிராம். கெட்டியாகக் கடைந்த ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டுப் பத்துக் கிராம். சோறும் இட்லியும் சேர்ந்து இருபது கிராம் அளவுக்குத் தந்துவிடும். புலால் உண்ணாதவர்கள் பருப்பையும் பாலையும் கூட்டிக்கொள்ளலாம். தாவரப் புரதத்தோடு நார்ச்சத்தும் வருவதால் மலமும் இளகும். நோயாளி சாப்பிட மறுக்கிறார் என்றால் மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். சர்க்கரை நோயோ சிறுநீரகப் பழுதோ கூடவே இருந்தால் அளவு மாறும். எங்கள் உணவியல் வல்லுநரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரவு உணவை ஏழு மணிக்கு முடித்து மறுநாள் எட்டு மணிக்கு இட்லி வைக்கும் வீடுகளில், இடையில் பதின்மூன்று மணி நேரம் தசைதான் எரிகிறது. படுக்கப் போகும்முன் ஒரு தம்ளர் பாலும் இரண்டு இட்லியும், அல்லது பாலில் கரைத்த சத்துமாவுக் கஞ்சி, அல்லது ஒரு வாழைப்பழமும் கைப்பிடி வேர்க்கடலையும் கொடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்கு எழுந்து போகும் பெண்கள் இதைக் கொடுக்க மறந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். லாக்டுலோஸ் பாட்டிலின் பக்கத்திலேயே அந்தத் தம்ளரையும் மூடி வைத்துவிட்டுப் படுங்கள்.